மான், மரநிழல், கட்டுச்சோறு: பூங்கா உலா பற்றி வாசகர் கேள்விகள்

பாடசாலை விடுமுறை தொடங்கினால் போதும், "எங்கேயாவது போவோம்" என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். "இந்த வெக்கையில் எங்கே போறது" என்று பெரியவர்கள் பின்வாங்குவார்கள். இம்முறை வந்த கடிதங்களில் பாதி நமது பிரட்றிக் கோட்டையையும் அங்குள்ள மான்களையும் பற்றியவை. திருகோணமலை நகருக்கு மிகப் பெரிய பூங்காவாக இருப்பது அந்தக் கோட்டை வெளிதான் என்பதால் அவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறோம். பேராதனையும் கொழும்பும் பின்னால் வருகின்றன.

கேள்வி: ஐந்து வயதுப் பேரனும் எழுபத்திரண்டு வயது அம்மாவும் எங்களோடு வருகிறார்கள். கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரை நடந்து போய்வரலாமா? எந்த நேரம் நல்லது? (வாசகி, உப்புவெளி)

பதில்: போகலாம். வாசலில் இருந்து கோயிலடி வரை ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரம். தனியாக நடக்கிறவருக்கு இருபது நிமிடம் போதும். பேரனோடும் அம்மாவோடும் போகும்போது முக்கால் மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். பாதையின் முதற்பகுதி ஓரளவு மட்டமானது. ஏற்றம் கோயிலை நெருங்கும்போதுதான் கடுமையாகிறது. ஆகவே களைப்பு எல்லாம் கடைசியில் வந்து சேரும், தொடக்கத்தில் வேகமாக நடந்துவிட்டால் அந்த இடத்தில் மூச்சு வாங்கும்.

காலை 6 மணிக்கு வாசலில் நிற்பது மிகச் சிறந்தது. 9 மணிக்குள் திரும்பிவிடலாம். மாலையில் என்றால் 4 மணிக்கு முன்னர் இறங்க வேண்டாம். வெயில் சாய்ந்தாலும் தார் றோட்டு பகல் முழுவதும் வாங்கிய சூட்டை நெடுநேரம் கக்கும். அந்தச் சூடு பெரியவர்களை விடத் தரைக்குக் கிட்ட நடக்கிற சிறு பிள்ளையைத்தான் முதலில் தாக்கும். கோயிலடியில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். நடுப்பகலில் அந்தக் கற்தரையில் கால் வைக்க முடியாது.

அம்மாவை எப்படி மேலே கொண்டுபோவது என்பதில் பலர் பிழை விடுகிறார்கள். ஓட்டோவில் ஏற்றி அனுப்பி, வரும்போது நடத்திக் கூட்டிவருவது வழக்கம். மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அது சரி. முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கு அது நேர்மாறாக வேலை செய்யும். இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் உடற்பாரம் முழுவதையும் முழங்கால் பிடித்து நிறுத்த வேண்டும், அதனால் ஏற்றத்தை விட இறக்கம்தான் நோகும். அம்மாவுக்கு முழங்கால்தான் பிரச்சினை என்றால் இரண்டு வழிக்கும் ஓட்டோ பிடியுங்கள், மான்கள் நிற்கும் மட்டமான பகுதியில் மட்டும் நடக்கட்டும்.

பேரனுக்குத் தேடுவதற்கு ஒன்று கொடுத்தால் அழாமல் நடப்பான். கோட்டை வாயிலிலேயே அது இருக்கிறது. கல்லில் செதுக்கிய இரட்டைக் கயல்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். "முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று ஊரில் எல்லோரும் சொல்கிற வரிகளின் சிதைந்த எழுத்துகளும் அந்த வாயிற் கல்லில்தான் உள்ளன. பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், குளக்கோட்டன் என்ற அரசன் திருப்பணி செய்த கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களையே கொண்டு 1624 இல் எழுப்பிய கோட்டை இது. 1639 இல் ஒல்லாந்தர் கைக்கும் 1795 இல் ஆங்கிலேயர் கைக்கும் போயிற்று. இன்றைய பெயர் 1803 இல் வந்தது. பாதி வழியில் வரும் பழைய வீட்டை வெலிங்டன் பிரபு தங்கிய வீடு என்பார்கள், நெப்போலியனை வோட்டர்லூவில் வென்றவர் அவர். அங்கே கொஞ்சம் நின்று இளைப்பாறிவிட்டு ஏறினால் ஏற்றம் சுகமாக இருக்கும். உள்ளே இராணுவ முகாம் இருப்பதால் படம் எடுக்கக் கூடாத இடங்களில் அறிவித்தல் பலகை உண்டு, அதைப் பார்த்து நடவுங்கள்.

கேள்வி: மான்களுக்குப் பாண் கொடுக்கப் பிள்ளைகளுக்கு நல்ல விருப்பம். கொடுக்கக் கூடாது என்கிறார்கள் சிலர். ஒரு துண்டு பாணில் என்ன வந்துவிடப் போகிறது? (வாசகர், பாலையூற்று)

பதில்: கொடுக்க வேண்டாம். நீங்கள் கொடுப்பது ஒரு துண்டுதான். அந்தப் பகலில் அங்கே வரும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு துண்டு கொடுக்கிறது, முன்னுக்கு நிற்கும் நாலைந்து மான்களே அத்தனையையும் தின்கின்றன.

புள்ளிமான் அசைபோடும் விலங்கு. அதன் வயிறு நான்கு அறை கொண்டது. முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லையும் இலையையும் மெல்ல மெல்லப் புளிக்கவைத்துச் சத்தாக்கும். பாண், சோறு, பிஸ்கட் போன்ற மாப்பொருள் ஒரேயடியாக உள்ளே போனால் புளிப்பு சடுதியாக ஏறும். அந்த அமிலத்தில் நல்ல நுண்ணுயிர்கள் சாகும், வயிறு உப்பும், அசைபோடுவது நிற்கும். மாடு வைத்திருப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. பச்சையரிசிச் சாக்கு அவிழ்ந்து கிடந்து மாடு வாய் வைத்துவிட்டால் வீட்டில் எவ்வளவு பதறுவார்கள்!

பாணை விட மோசமானது அதைச் சுற்றி வரும் பை. உணவின் உப்பும் எண்ணெயும் ஒட்டிய பொலித்தீனை மான் உணவென்றே தின்னும். அது சீரணிக்காது, அசைபோட மேலேயும் வராது, கீழேயும் இறங்காது. முதல் அறையிலேயே பந்தாகச் சுருண்டு தங்கும். வயிறு நிரம்பிய உணர்வோடு மான் மேய்வதை நிறுத்தி, மெலிந்து சாகும். திருகோணமலையில் இறந்த மான்களின் வயிற்றில் இருந்து பொலித்தீன் எடுக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் லன்ச் சீட், கச்சான் பை, ஐஸ்கிறீம் உறை எதையும் அங்கே போடாதீர்கள். குப்பைத் தொட்டி நிரம்பி வழிந்தால் அதில் திணிக்கவும் வேண்டாம், மான்கள் அதைக் கிளறும். மூடி போட்ட ஒரு டப்பாவைக் குப்பைக்கென்றே கொண்டுபோய் வீட்டுக்குத் திருப்பி எடுத்து வாருங்கள். கச்சானைக் கடதாசிச் சுருளில் வாங்குவது நல்லது, ஆனால் அந்தச் சுருளையும் போட்டுவிட்டு வராதீர்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பும் இதில் இருக்கிறது. கையில் உணவு கண்டால் மான் நெருங்கும், உணவு முடிந்ததும் முட்டும். கலைமானின் ஒவ்வொரு கொம்பும் மூன்று கிளையாகப் பிரிந்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கொம்பு விழுந்து புதிது முளைக்கும். மெல்லிய மயிர்த்தோல் போர்த்தபடி வளரும் காலத்தில் ஆண் மான் சாதுவாக இருக்கும். தோல் உரிந்து கொம்பு கெட்டியாகிவிட்டால் அது வேறு மிருகம். அப்படிப்பட்டதற்குக் கிட்டப் பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். ஐந்து மீற்றர் விட்டு நில்லுங்கள். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போகாதீர்கள். புல்லுக்குள் தனியாகப் படுத்திருக்கும் குட்டி கைவிடப்பட்டது அல்ல, தாய் மேய்ந்துவிட்டு வரும். இரக்கப்பட்டுத் தூக்குவதுதான் அதற்குச் செய்யும் கெடுதல்.

பிள்ளைகளுக்கு ஆசை தீர வேறு வழி உண்டு. மரத்தடியில் கால் மணி நேரம் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். மான் படுத்து அசைபோடுவதையும், தொண்டையில் ஓர் உருண்டை மேலே ஏறி வருவதையும் தெளிவாகப் பார்க்கலாம். பாண் கொடுத்த பிள்ளைகள் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

கேள்வி: புல்லில் இருந்துவிட்டு வந்த பிறகு மகளின் முழங்காலுக்குப் பின்னால் உண்ணி கடித்திருந்தது. மண்ணெண்ணெய் பூசி எடுத்தோம். சரியா? (வாசகி, சாம்பல்தீவு)

பதில்: சரியல்ல. மண்ணெண்ணெய், நெருப்புக் குச்சி, நகப்பூச்சு எல்லாமே உண்ணியைத் துன்புறுத்தும். துன்புறும் உண்ணி தன் வயிற்றில் உள்ளதைக் கடிவாயிலேயே கக்கிவிடும், அதோடு கிருமியும் உள்ளே போகலாம். நுனி கூரான சாமணத்தால் தோலை ஒட்டி, உண்ணியின் தலைப்பக்கம் பிடித்து, திருகாமல் நேரே மெதுவாக மேலே இழுங்கள். பின்பு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இரண்டு கிழமைக்குள் காய்ச்சலோ, கடித்த இடத்தில் கறுத்த பொருக்கோ, உடம்பில் சிவந்த தழும்போ வந்தால் வைத்தியரிடம் போய் "உண்ணி கடித்தது" என்று கட்டாயம் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துவிடுவார்கள்.

மான் படுத்து எழும்பிய புல்லில் பாய் விரிக்காமல், வெட்டையான தரையில் விரியுங்கள். வீட்டுக்கு வந்ததும் கமக்கட்டு, காதுக்குப் பின்புறம், முழங்காலின் பின்மடிப்பு, இடுப்புப்பட்டி இறுக்கும் இடம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுக் குளிக்கவிடுங்கள்.

கேள்வி: வானில் பன்னிரண்டு பேர் பேராதனைப் பூங்கா பார்க்கப் போக இருக்கிறோம். உம்மாவுக்கு அதிகம் நடக்க ஏலாது. விடியச்சாமம் மூன்று மணிக்கு வெளிக்கிட்டு இரவு திரும்பினால் போதும்தானே? (வாசகர், கிண்ணியா)

பதில்: மூன்று மணிக்கு வெளிக்கிட வேண்டாம். கந்தளாய், ஹபரணை ஊடாகப் போகும் பாதையில் இருட்டில் யானை குறுக்கே நிற்கும், கறுத்த உடல் வெளிச்சம் பட்டாலும் கிட்ட வரும்வரை தெரியாது. ஹபரணைக் காட்டுப் பகுதியைக் கடக்கும்போது நன்றாக விடிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஸுபஹு தொழுதுவிட்டு வெளிக்கிட்டு, தம்புள்ளை, மாத்தளை, கண்டி வழியாகப் போய்ச் சேர முற்பகல் ஆகிவிடும். ஒரே நாளில் திரும்புவதானால் பத்து மணி நேரம் வானுக்குள்ளும் மூன்று மணி நேரம் பூங்காவிலும் இருப்பீர்கள். அதை ஓய்வு என்று சொல்ல முடியாது. கண்டியில் ஓர் இரவு தங்கி மறுநாள் காலை பூங்காவுக்குப் போங்கள். தங்க வசதியில்லை என்றால் கோட்டை வெளியே போதும் என்பது எங்கள் கருத்து. வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். மற்ற நாட்களில் லுஹர் எனும் நண்பகல் தொழுகைக்குக் கண்டி நகரில் மீரா மக்காம் பள்ளி இருக்கிறது.

பேராதனை 147 ஏக்கர். மகாவலி கங்கை வளைந்து மூன்று பக்கமும் சுற்றி ஓடுகிறது. 1821 இல் அலெக்சாண்டர் மூன் இதைத் தாவரவியற் பூங்காவாகத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகம் இந்த மரங்களுக்கிடையில்தான் இருந்தது. இவ்வளவு பெரிய இடத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைத்து ஓடுவதால்தான் பெரும்பாலான குடும்பங்கள் நடுவழியில் சண்டை பிடித்துக்கொண்டு திரும்புகின்றன.

பெரிய புற்றரையில் ஒரு தாவளம் போடுங்கள். அங்கே ஜாவாவைச் சேர்ந்த ஆலின மரம் ஒன்று குடைபோல் விரிந்து நிற்கிறது, அதைப் பார்க்கும்படியாக ஒரு நிழலில் பாயை விரித்து உம்மாவை இருத்துங்கள். பன்னிரண்டு பேரும் சேர்ந்து நடக்க வேண்டாம். ஆறு பேர் முக்கால் மணி நேரம் சுற்றி வரட்டும், மற்ற ஆறு பேர் உம்மாவோடு இருக்கட்டும். பிறகு மாறுங்கள். உம்மாவும் பார்க்க விரும்பினால் உள்ளே ஓடும் மின்வண்டிக்கு வாசலிலேயே கேளுங்கள், புற்றரைக்குப் போன பிறகு தேடித் திரியக் கூடாது.

பாய் விரிக்குமுன் தரையைப் பாருங்கள், பிறகு அண்ணாந்து பாருங்கள். சப்பித் துப்பிய பழச் சக்கையும் சிதறிய எச்சமும் கிடந்தால் மேலே பழவௌவால்கள் தொங்குகின்றன. அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. பார்க்க அழகுதான், ஆனால் அவற்றின் அடியில் சாப்பிடக் கூடாது. விழுந்து கிடக்கும் வௌவாலைப் பிள்ளைகள் தொடவே கூடாது.

முதல் சுற்றில் ஓர்க்கிட் மனை, பனை இனச் சாலைகள், கடற்தேங்காய். பனஞ்சாலை என்றதும் நமக்குப் புதிதாக என்ன என்று தோன்றும். பனைகளை இரு வரிசையாக நட்டுப் பார்த்தால் அந்த மரமே வேறாகத் தெரியும், தவறவிடாதீர்கள். கடற்தேங்காய் இரட்டைத் தேங்காய் போல இருக்கும், உலகில் எந்தத் தாவரத்தின் விதையும் இவ்வளவு பெரிதல்ல. முற்றுவதற்கே ஐந்தாறு வருடம் பிடிக்கும். இரண்டாம் சுற்றில் ஆற்றங்கரை மூங்கிலும் நினைவு மரங்களும். அந்தப் பெருமூங்கில் மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு ஓரடி கூட வளரும். குருத்தை மூடியிருக்கும் மட்டையின் கறுத்த மயிர் கையில் குத்தினால் கடிக்கும், பிள்ளைகளைத் தடவ விடாதீர்கள். நினைவு மரங்களில் 1901 இல் பிரித்தானிய இளவரசர், பின்னாளைய ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர், நட்ட நாகலிங்க மரம் இருக்கிறது. சிவன் கோயில்களில் பார்த்துப் பார்த்து நம் நாட்டு மரம் என்று நினைத்திருப்பதன் தாயகம் தென் அமெரிக்கா. காய் பீரங்கிக் குண்டளவு, ஆகவே அதன் அடியில் நின்று படம் எடுக்க வேண்டாம்.

வெளிநாட்டில் இருந்து வந்த உறவினர்கள் வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு இருந்தால் அவர்களுக்கு நுழைவுக்கட்டணம் பல மடங்கு. வாசலில் வாக்குவாதப்பட்டுப் பயனில்லை, முதலிலேயே கணக்கில் சேருங்கள். நீங்கள் அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள்.

ஐப்பசி, கார்த்திகையிலும் பங்குனி, சித்திரையிலும் அங்கே பின்னேர இடிமழை வழக்கம். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் முப்பது எண்ண முடியாவிட்டால் மரத்தடியை விட்டுக் கட்டடத்துக்கோ வானுக்கோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பின்னர்தான் வெளியே வர வேண்டும். மழைக்கு ஒதுங்குவதற்காகப் பெருமரத்தின் கீழ் நெருக்கி நிற்பதுதான் எல்லாவற்றையும் விட ஆபத்து.

கேள்வி: காலையில் கட்டிய சோறு பத்து மணிக்கே புளித்துவிடுகிறது. என்ன பிழை? தண்ணீர் எவ்வளவு கொண்டுபோக வேண்டும்? (வாசகி, தம்பலகாமம்)

பதில்: கொதிக்கக் கொதிக்கப் பொதி கட்டுவதுதான் பிழை. ஆவி வெளியேற வழியில்லாமல் லன்ச் சீட்டின் உட்புறத்தில் தண்ணீராகி மீண்டும் சோற்றில் விழுகிறது. ஈரமும் இளஞ்சூடும் சேர்ந்தால் கிருமி பெருகும். சோற்றை அகன்ற தட்டில் பரப்பி, ஆவி அடங்கும்வரை இருபது நிமிடம் ஆறவிடுங்கள். நெருப்பில் வாட்டிய வாழையிலையில் கட்டி, மேலே கடதாசி சுற்றுங்கள். வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும்.

கறிகளில் தேங்காய்ப்பாலும் பச்சைத் தேங்காய்ப்பூவும்தான் முதலில் கெடும். பாற்சொதி, தேங்காய்ச் சம்பல், தேங்காய்ப்பூ கலந்த புட்டு ஆகியவற்றை நாலு மணி நேரத்துக்குள் சாப்பிடுவதாக இருந்தால் மட்டும் எடுங்கள். பொரித்த மீன், கத்தரிக்காய்ப் பொரியல், கருவாட்டுப் பொரியல், தண்ணீர் வற்றவிட்ட பருப்பு, தேசிக்காய்ச் சோறு ஆகியவை மத்தியானம் தாண்டியும் நிற்கும்.

மூன்று மணி நேர உலாவுக்குப் பெரியவருக்கு ஒரு லீற்றர், சிறு பிள்ளைக்கு அரை லீற்றர் தண்ணீர் வேண்டும். கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் நாட்களில் இதன் ஒன்றரை மடங்கு. அந்தக் காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும், வியர்க்கவில்லையே என்று நினைத்துக் குடிக்காமல் இருந்து தலையிடி வாங்குவார்கள். ஒருவர் வாடிவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். உப்பை ஒருபோதும் கூட்டாதீர்கள், சிறு பிள்ளைகளுக்கு அது கேடு.

கேள்வி: அப்பாவைக் கிளினிக் கொண்டுபோக விடியக் கொழும்பில் இறங்குகிறோம். நம்பர் மத்தியானத்துக்குப் பிறகுதான். அதுவரை பிள்ளைகளோடு இருக்க ஒரு பூங்கா சொல்லுங்கள். (வாசகர், மூதூர்)

பதில்: விகாரமகாதேவிப் பூங்கா. பழைய ஆட்கள் விக்டோரியா பார்க் என்பார்கள். ஓட்டோக்காரரிடம் ரவுண்ஹோல் என்று சொன்னாலே போதும், வெள்ளைக் குவிமாட மாநகரசபைக் கட்டடத்துக்கு எதிரே இறங்கலாம். பெருமர நிழல் நிறைய உண்டு, தரையும் மட்டம், அப்பா மெதுவாக நடக்கலாம். 9 மணிக்குப் பிறகு வெயில் ஏறும், அப்போது பூங்காவின் மறுபுறம் கிட்டடியில் உள்ள தேசிய நூதனசாலைக்குள் போய்விடுங்கள். 1877 இல் திறந்த கட்டடம், தடித்த சுவர், பிள்ளைகளுக்கு வேண்டிய அளவு பார்க்க உண்டு. கிளினிக் கோப்பையும் மருந்துப் பையையும் ஒருவர் மட்டும் பொறுப்பெடுத்து மடியிலேயே வைத்திருக்கட்டும். பூங்கா வாங்கில் வைத்துவிட்டு எழும்புவதுதான் வழக்கமான தவறு.

கேள்வி: சன நெரிசலில் பிள்ளை கைதவறிப் போனால் என்ன செய்வது? எந்த மாதத்தில் போவது? (வாசகி, நிலாவெளி)

பதில்: உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில். கோட்டைப் பக்கம் மாசி முதல் சித்திரை வரை சுகம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று நடுப்பகலை எரிக்கும், காலையில் மட்டும் போங்கள். கார்த்திகை, மார்கழியில் மழை, பாறை வழுக்கும். பங்குனி, சித்திரையில் போவீர்களானால் தூரக்கண்ணாடி ஒன்று கொண்டுபோங்கள். கடல் கரையோரத்திலேயே மிக ஆழமாக இறங்குவதால் நீலத் திமிங்கிலங்கள் கிட்ட வரும். கோணேசர் பாறையில் நின்று, காற்றடங்கிய காலையில், தூரத்தில் கடலில் இருந்து நேராக எழும்பி மறையும் வெண்புகை போன்ற திமிங்கில மூச்சைத் தேடுங்கள். அது தெரிந்த இடத்திலேயே கண்ணை வைத்திருந்தால் அரை நிமிடத்துக்குள் திரும்பவும் எழும்பும். பிள்ளையை வேலிக்கு இப்பால், கையைப் பிடித்தபடி வைத்திருங்கள்.

கைதவறும் பயத்துக்கு வெளிக்கிடுமுன்னரே மூன்று காரியம் செய்யுங்கள். அன்று போட்ட உடுப்போடு பிள்ளையை ஒரு படம் எடுங்கள். "என்ன நிறச் சட்டை" என்று கேட்டால் பதறும் தாய்க்கு ஞாபகம் வராது. உங்கள் தொலைபேசி இலக்கத்தைப் பேனையால் பிள்ளையின் முன்கையின் உட்புறத்தில் எழுதுங்கள். மேலே தேங்காயெண்ணெய் தடவாதீர்கள், மை கரைந்துவிடும். மூன்றாவது, "அம்மாவைக் காணவில்லை என்றால் நின்ற இடத்திலேயே நில், தேடி நடக்காதே, பிள்ளையோடு நிற்கிற ஓர் அன்ரியிடம் சொல்" என்று சொல்லி, வீட்டு முற்றத்தில் இரண்டு தரம் செய்து காட்டவையுங்கள். தேடும்போது ஒருவர் கடைசியாகப் பிள்ளையைக் கண்ட இடத்தை விட்டு அசையக் கூடாது. இன்னொருவர் உடனே வாசலுக்குப் போக வேண்டும். மற்றவர்கள்தான் தேட வேண்டும். கோட்டையில் வாகனம் வந்து போகும் வாசல் அந்த ஒன்றுதான், அங்கே நிற்பவர்களிடம் படத்தைக் காட்டிவிட்டால் பாதிக் கவலை குறையும்.